ஜெசி அழித்த மார்க்

நன்றாகத் தேர்வு எழுதிய ஒரு பெண், தன் மார்க்கைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வந்து நின்றாள். அழிக்கும்படி யோசனை சொன்னது யார் தெரியுமா?

நான்தான்.

இரண்டு மாதமாக இதை எழுதலாமா, வேண்டாமா என்று மனசுக்குள் இழுபறி. போன வியாழக்கிழமை ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொடத் தைரியம் வந்தது. திட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஜெசிந்தா எங்கள் கல்லூரியில் பிசிக்ஸ் லெக்சரர். இருபத்தாறு வயது. ஸ்டாஃப் ரூமில் எனக்கு அடுத்த நாற்காலி. நான் கணக்கு, அவள் பிசிக்ஸ். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னைவிட மூளை இரண்டு பங்கு பெரியது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போனால் நாச்சியாபுரம், அங்கேதான் வீடு. அம்மா இல்லை. அப்பா அருளானந்தம், ரிட்டயர்டு தமிழாசிரியர். இப்போது சொந்த வயலைப் பார்த்துக்கொள்கிறார்.

அமெரிக்காவில் ஒரு பேராசிரியருக்கு ஜெசி தன் ஆராய்ச்சி ஆசையைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் பதில் போட்டுவிட்டார்! 'என் லேபில் உனக்கு இடம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதி, நல்ல மார்க்கோடு டிசம்பருக்குள் விண்ணப்பம் அனுப்பு.'

அருளானந்தம் ஐயா இரண்டு நாள் யோசித்துவிட்டு மகளிடம் சொன்னாராம்.

"ஒரே ஒரு தடவ எழுது. கெடச்சுச்சுன்னா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். கெடைக்கலேன்னா தேவகோட்டைக்காரகளுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

தேவகோட்டைக்காரர்கள் என்றால் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள். அந்த ஒரு தேர்வு முடியும் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆக, ஒரே ஒரு தேர்வு. நேராக யாரிடம் வருவாள்? பக்கத்து நாற்காலியிடம்தானே!

"அக்கா, நீங்க எத்தனை வருசமா கேள்வித்தாள் எடுக்குறீக. பரீட்சைக்கு ஏதாச்சும் சூட்சுமம் சொல்லுங்கக்கா."

சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். கேள்வித்தாள் எடுக்கிறவள் எப்படி எடுப்பாள்? முதல் கேள்வி சுலபமாக இருக்கும் - பயந்த பிள்ளைக்கும் கை நடுக்கம் தீரட்டும் என்று. நடுவில் கொஞ்சம் இறுக்குவாள். கடைசியில், கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்று இரண்டு முடிச்சு வைப்பாள். அதனால் ஆரம்பத்தில் வேகமாகப் போ. தெரியாததை விட்டுவிட்டுத் தாண்டு, கடைசியில் திரும்பி வா. எல்லாம் சொன்ன பிறகு போனஸாக ஒன்றும் சொன்னேன்.

"பாதிக்குப் பாதி தெரியலேன்னு வச்சுக்க… அந்தப் பரீட்சை போச்சுன்னு அர்த்தம். கெட்ட மார்க் வாங்கி ரெக்கார்டுல ஏத்திக்கிறதவிட, எழுதாம வந்துர்றது மேல்."

இதைச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பதினேழு வருஷ சர்வீஸ்!

தேர்வுக் குழுவிலிருந்து ஒரு விளக்கப் புத்தகம் வந்திருந்தது. மெல்லிசான ஆங்கிலப் புத்தகம். ஜெசி அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, இது பேப்பர் பரீட்சை இல்லையாம். கம்ப்யூட்டர்லயாம். கேள்விய அதுவே பாத்துப் பாத்து எடுக்குமாம். எனக்குச் சரியா வெளங்கல. நீங்க ஒருக்கா படிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"பேனாவுக்குப் பதிலா எலி. வேற என்ன பெரிய வித்தியாசம்?" என்றேன். புத்தகத்தை வாங்கிக் கைப்பையில் போட்டேன்.

போட்டேன்… அவ்வளவுதான். அப்புறம் எடுக்கவே இல்லை.

அக்டோபர் மாதம், சென்னை. பல மாடிக் கட்டடத்தில் ஒரு ஏ.சி. ஹால். துணைக்கு நான். வாசலிலேயே ஜெசியின் பை, வாட்ச், கைக்குட்டை எல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். "மேடம், நீங்க இங்கேயே வெயிட் பண்ணுங்க" என்று ஒரு பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதலில் வெளியே வந்தது ஜெசி இல்லை. காலையில் எங்களோடு லிஃப்டில் வந்த ஒரு கோயமுத்தூர் இளைஞர். உள்ளே போகும்போது பயந்து பயந்து போனவர். வெளியே வரும்போது பேயறைந்த மாதிரி வந்தார்.

"என்ன தம்பி, கஷ்டமா?"

"இல்லீங்க. ஈஸிங்க! கடைசி வரைக்கும் ஈஸியாத்தானுங்க இருந்துச்சு. எல்லாம் போட்டுட்டேன்னு நெனச்சேன். ஸ்கிரீன்ல மார்க்கு வருதுங்க… ரொம்பக் கம்மி. மெஷின் கெட்டுப்போச்சுங்களா?"

பாவம் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கத் தோன்றவில்லை எனக்கு. கணக்கு டீச்சர்!

பத்து நிமிஷத்தில் ஜெசி வந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"அக்கா, முதல் கேள்வி சுமாரா இருந்துச்சு. போட்டேன். அடுத்தது கொஞ்சம் கஷ்டம், அதையும் போட்டேன். அதுக்கப்புறம் விடவே இல்லக்கா. ஒன்னுக்கு ஒன்னு கஷ்டம். தாண்டிப் போவோம்னா முடியல. பதில் அமுக்குனாத்தான் அடுத்த கேள்வி வருது. திரும்பிப் போகவும் வழி இல்ல. பாதிக்குப் பாதி எனக்குத் தெரியவே இல்லக்கா."

"மார்க் எவ்வளவு?"

"பாக்கல. கடைசியில அதுவே கேட்டுச்சு. மார்க்கப் பாக்குறியா, இல்ல இந்தப் பரீட்சையவே ரத்து பண்ணிரவான்னு. ரத்து பண்ணுனா திரும்பக் கெடைக்காது, பாத்துட்டா ரத்து பண்ண முடியாது…" சுடிதார் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னீகள்ல, கெட்ட மார்க்க ரெக்கார்டுல ஏத்தக் கூடாதுன்னு. ரத்து பண்ணிட்டேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "நல்ல காரியம் பண்ணுன" என்று வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று இருக்கிறது.

அன்று என் சித்தி வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறினோம். ஜெசி ஜன்னல் ஓரம், கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். விழுப்புரம் தாண்டியதும் கைப்பையில் மிட்டாய் தேடினேன். கையில் அகப்பட்டது அந்த மெல்லிசுப் புத்தகம். பொழுது போகட்டும் என்று பிரித்தேன்.

மூன்றாவது பக்கத்தில் எனக்கு மிட்டாய் மறந்தே போனது.

அந்தத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. கேள்வித்தாள் என்ற ஒன்றே கிடையாது! முதலில் நடுத்தரமாக ஒரு கேள்வி வரும். சரியாகப் போட்டால் அடுத்தது கொஞ்சம் கஷ்டமாக வரும். தப்பாகப் போட்டால் கொஞ்சம் சுலபமாக வரும். ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர், 'இவள் இந்த உயரத்தில் இருப்பாள் போல' என்று ஒரு கணக்குப் போட்டு, அந்த உயரத்துக்குத் தோதான கேள்வியைத் தேடி எடுக்கும். நிச்சயம் தெரிந்த கேள்வியைக் கேட்டு என்ன பிரயோஜனம்? நிச்சயம் தெரியாததைக் கேட்டுத்தான் என்ன பிரயோஜனம்? ஆளைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. தெரியுமோ, தெரியாதோ என்று தொங்குகிற கேள்வி இருக்கிறதே… அதுதான் ஆளைக் காட்டும். அதைத்தான் அது திரும்பத் திரும்பத் தேடுகிறது.

அதனால் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் கிட்டத்தட்டப் பாதி தப்பாகத்தான் போகும். சுமாரான பிள்ளைக்கும் கிட்டத்தட்டப் பாதி தப்பாகத்தான் போகும். எத்தனை சரி என்பது மட்டும் பேச்சில்லை. எந்த உயரத்தில் நின்று சரி, எந்த உயரத்தில் நின்று தப்பு என்பதுதான் மார்க்.

புரிகிறதா? 'விடவே இல்லக்கா, ஒன்னுக்கு ஒன்னு கஷ்டம்' என்று அழுதாளே ஜெசி… அது அவளை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது! 'கடைசி வரைக்கும் ஈஸிங்க' என்றாரே கோயமுத்தூர்க்காரர்… அவர் கீழேயே நின்றிருக்கிறார்!

பதினேழு வருஷமாகக் கேள்வித்தாள் எடுக்கிறேன். ஒரு கேள்வி, பதில் சொல்கிறவளைப் பார்த்துவிட்டு வரும் என்று என் கற்பனையில்கூட இருந்ததில்லை. ஆச்சரியப்படத்தான் வேண்டும். ஆனால் ஆச்சரியப்படுகிற நிலையிலா இருந்தேன்?

பக்கத்தில் ஜெசி தூங்கிக்கொண்டிருந்தாள். இவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் என்ன? 'பரீட்சை கஷ்டம், கிடைக்கவில்லை' என்று நினைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக இருப்பாளே… திருச்சி வரைக்கும் இப்படித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நல்லவள் மாதிரி யோசித்தேன். உண்மையில் அவளுக்காக யோசிக்கவில்லை. எனக்குப் பயம்.

திருச்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினோம். புத்தகத்தை அவள் கையில் கொடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

நின்றபடியே படித்தாள். திருப்பி ஒருமுறை படித்தாள். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"ஜெசி, தப்பு என்னுது. நான் இதப் படிக்காம…"

"பஸ் எடுக்கப் போறாக, வாங்கக்கா" என்றாள்.

புதுக்கோட்டை வந்தது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்.

"முதல்ல சதவீதம் கேட்டுச்சு. பெறகு வடிவியல். பெறகு ரெண்டையும் சேத்து ஒன்னு. கடைசியில நிகழ்தகவுல ஒன்னு கேட்டுச்சு பாருங்க, அப்படி ஒரு கணக்க நான் பாத்ததே இல்ல. அது என்னய மேல தூக்கிட்டே போயிருக்குக்கா. நான்தான் கைய ஒதறிட்டு எறங்கிட்டேன்."

அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுபடி எழுத இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் டிசம்பர் முதல் வாரம். பேராசிரியர் சொன்ன கெடுவுக்குள் எட்டிப் பிடித்துவிடலாம். ஆனால் அப்பா? 'ஒரே ஒரு தடவ' என்று சொன்னவர் ஆயிற்றே!

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து நாச்சியாபுரத்துக்குப் போனேன். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"வாங்க டீச்சர். உக்காருங்க."

உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

பொறுமையாகக் கேட்டார். "புஸ்தகம் ஒங்க கையில இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கய்யா."

"படிக்கலையா?"

"…இல்லங்கய்யா."

"ஏத்தா, டீச்சருக்குக் காப்பி போடு" என்றார் உள்ளே பார்த்து. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜெசி காப்பி கொண்டுவந்தாள். ஐயா பேசினார்.

"நீங்க சொல்றது எனக்கு ஏற மாட்டேங்குது டீச்சர். பாதி தெரியலன்னு இந்தப் பிள்ளையே சொல்லுது. பாதி தெரியாதவளுக்கு எப்படி நல்ல மார்க் வரும்? நானும் முப்பத்தஞ்சு வருசம் பேப்பர் திருத்துனவன். தேவகோட்டைக்காரகளுக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கேன். ஒரு தடவன்னா ஒரு தடவதான்."

ஜெசி உள்ளே போனாள். திரும்பி வரும்போது அப்பாவின் பழைய இலக்கணப் புத்தகம் அவள் கையில் இருந்தது.

"அப்பா, ஒங்ககிட்ட ஏழெட்டுக் கேள்வி கேக்குறேன். சொல்லுங்க."

"எனக்கா?" ஐயா சிரித்தார். "கேளு."

"குற்றியலுகரம் எத்தனை வகை?"

"ஆறு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

பக்கத்தைப் புரட்டினாள். "ஆய்தக்குறுக்கத்துக்கு உதாரணம்?"

"கஃறீது."

இன்னும் கொஞ்சம் புரட்டினாள். "வெண்பாவோட கடைசிச் சீர் எப்படி முடியணும்?"

"நாள், மலர், காசு, பிறப்பு."

இந்தத் தடவை புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கே போய்விட்டாள். "சித்திரக்கவியில கூடசதுக்கம்னு ஒன்னு இருக்கு. அது என்ன?"

ஐயா புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "படிச்சிருக்கேன்… ஞாபகம் வரல."

ஒரு பக்கம் பின்னால் வந்தாள். "நிரோட்டகம்?"

"ஒதடு ஒட்டாமப் பாடுறது!"

மறுபடி ஒரு பக்கம் முன்னால். "சுழிகுளம்?"

"அது… நாலு வரி… எழுத்தச் சுத்திச் சுத்தி…" ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னத்தா இது? டீச்சரு முன்னாடி அசிங்கப்படுத்தவா? எல்லாம் கஷ்டமாவே கேக்குற!"

"நீங்க சரியாச் சொன்னீக, அதனால கஷ்டமாக் கேட்டேன். நீங்க தப்பாச் சொல்லியிருந்தா சுளுவாக் கேட்டிருப்பேன். ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியல. தோத்துட்டீகளாப்பா? நீங்க நிக்கிற எடத்தப் பாருங்க. புஸ்தகத்தோட கடைசியில நிக்கிறீக."

புத்தகத்தை விரித்தபடி அவர் மடியில் வைத்தாள்.

ஐயா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அன்னைக்கி நீ எந்தப் பக்கத்துல நின்ன?"

"தெரியலப்பா" என்றாள் ஜெசி. "அதத்தான் அழிச்சுட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் அழுதாள். சென்னையில் அழுத அழுகை வேறு, இது வேறு. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஐயா எழுந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"எழுது. தேவகோட்டைக்காரககிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா ஒன்னு… இந்தத் தடவ எத்தனை கஷ்டமா இருந்தாலும் மார்க்கப் பாக்காம எந்திரிக்கப்படாது."

பேசினார். 'அவ்வளவு நாள் எங்களால் இழுத்துக்கொண்டு நிற்க முடியாது' என்று தேவகோட்டைக்காரர்கள் நவம்பரில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். ஐயா அதை மகளிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார், பஸ் ஸ்டாண்டில் வைத்து, "பிள்ளைக்கு இப்ப தெரிய வேண்டாம் டீச்சர்" என்று. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது தடவையும் ஏதாவது ஆகிவிட்டால்?

டிசம்பர் வந்தது. சென்னைக்கு இரண்டு டிக்கெட் எடுக்கட்டுமா என்று ஜெசியிடம் கேட்டேன். தயங்கினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக… இந்தத் தடவ அப்பா வாரேங்குறாக."

தப்பாக நினைப்பதா? நான் கட்டளையிட்ட படையெல்லாம் தோற்ற படைதானே!

தேர்வு நாள் மதியம். கல்லூரி ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார், 'மேடம், உங்களுக்கு மெட்ராஸிலிருந்து போன்' என்று. இரண்டாம் வருஷ வகுப்பில் சாக்பீஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வராண்டாவில் பிரின்ஸிபால் எதிரே வந்தார். அவருக்கு வணக்கம் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

லைனில் ஐயா.

"டீச்சர், நான்தான் அருளானந்தம். பிள்ள மொகமெல்லாம் வெளிறிப்போயி வெளிய வந்துச்சு. கஷ்டமா இருந்துச்சாத்தான்னு கேட்டேன். ரொம்ப ரொம்பக் கஷ்டம்ப்பா, பாதி தெரியலன்னுச்சு. அப்பத்தான் டீச்சர் எனக்கு உசுரே வந்துச்சு!"

"மார்க் பாத்தாளா, ஐயா?"

"பாத்துருச்சு. ஒங்ககிட்ட அதுவே சொல்லணுமாம்."

ஜெசி சொன்னாள். எண்ணை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. ஆனால் ஆபீஸ் கிளார்க் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு நான் சத்தம் போட்டேன் என்பது மட்டும் உண்மை.

போன வியாழக்கிழமை, காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் இன்டர்நெட் சென்டரில் அவளும் நானும் போய் உட்கார்ந்தோம். பேராசிரியரிடமிருந்து ஈ-மெயில். இடம் உறுதி. ஆகஸ்டில் வந்து சேரச் சொல்கிறார். ஜெசி அதை மூன்று முறை படித்துவிட்டு, பிரின்ட் எடுத்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குச் சொல்ல பஸ் ஏறிவிட்டாள்.

அழித்த மார்க் என்னவாக இருந்திருக்கும்? இன்று வரை யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஒருவேளை இதைவிடக் கூடுதலாக இருந்திருக்குமோ என்று நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் போடவில்லை.

நேற்று ஸ்டாஃப் ரூமில் கேட்டாள்: "அக்கா, அங்குட்டு குளிரு ரொம்பவாம்ல. என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?"

பதில் தொண்டை வரை வந்துவிட்டது. கம்பளி, குரங்குக் குல்லா, நல்லெண்ணெய் என்று ஒரு பெரிய பட்டியல். நான் சிவகங்கை மாவட்டத்தைத் தாண்டிக் குளிரைப் பார்த்தவளா என்ன?

"தெரியாது ஜெசி. விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

பதினேழு வருஷ சர்வீஸில் முதல் தடவை. பரவாயில்லை… நாக்கு ஒன்றும் அறுந்து விழவில்லை!